அடிபட்ட நாய்க்கு யார் பொறுப்பு?

சென்னையின் பெரிய சாலை ஒன்றில் பின்னங்கால்கள் நசுங்கிய நாய் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடித்த வண்டி போய்விட்டது. முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு வரப் பார்க்கிறது அது. நின்று பார்க்கும் நாலு பேருக்கும் மனசு கேட்கவில்லை. "யாரையாவது கூப்பிடணுமே" என்கிறார் ஒருவர். யாரைக் கூப்பிடுவது என்று நாலு பேருக்குமே தெரியவில்லை.

தெரியாதது அவர்கள் குற்றமில்லை. மனிதர் அடிபட்டால் 108 இருக்கிறது. மாடு கன்று போட முடியாமல் தவித்தால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் 1962 இருக்கிறது. அந்த எண்ணும் அதன் வண்டிகளும் முதன்மையாக விவசாயிகளின் ஆடுமாடுகளை நினைத்து ஏற்பட்டவை. நாய்த் தொல்லை என்றால் சென்னை மாநகராட்சியின் 1913. நாய் பிடிக்கும் வண்டி வரும், கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுபோகும். இடுப்பு உடைந்த தெருநாய் இந்த ஏற்பாடுகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது. அதை வளர்ப்பவர் யாரும் இல்லாததால் கால்நடைக் கணக்கில் வராது. யாரையும் கடிக்காததால் புகார்க் கணக்கிலும் வராது. மிச்சமிருப்பது தொண்டு நிறுவனங்களும், சொந்தக் காசையும் தூக்கத்தையும் செலவழித்து ஓடும் தனி ஆட்களும்தான். சாதாரண மனிதரின் பொறுப்பு பற்றிப் பேசுவதானால் இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. தெருநாய் விஷயத்தில் நம் உள்ளாட்சிகளுக்கு நெடுங்காலம் தெரிந்த ஒரே வழி கொல்வது. சென்னையில் 1990களின் நடுப்பகுதி வரை நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1959இல் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ், கொன்று எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, கருத்தடை செய்யுங்கள் என்று 1964லிருந்தே சொல்லிவந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான விதியாக்கியது. 2023 மார்ச்சில் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் தாய்ச் சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதற்கு வித்திட்டது மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அந்தச் சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது.

ஆக, தெருநாய்க்காகச் சட்டம் பேச வைத்ததில் நம் ஊருக்கு நிறையப் பங்கு உண்டு. அந்தப் போராட்டம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வென்றது உயிரோடு இருக்கும் உரிமையை மட்டும்தான். அடிபட்டால் சிகிச்சை கிடைக்கும் உரிமை அதோடு சேர்ந்து வரவில்லை. விதிகளின் முழு எடையும் இன்றுவரை கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி இரண்டின் மேல்தான். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டு உள்ள நாய் என்றால் அரசாங்கம் அதற்குத் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள். அதே நாய் அடுத்த வாரம் லாரியில் அடிபட்டால் மறுபடி யாருடைய கணக்கிலும் இல்லை.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2024 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். கருத்தடை ஆனவை நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 1.53 கோடி. எந்தத் தொண்டு நிறுவனம் எத்தனை வண்டி வைத்திருந்தாலும் இந்த எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க முடியாது. ஒரு ஷெல்டருக்குப் போன் செய்து, "எவ்வளவு நேரமா சொல்றோம், வண்டி அனுப்ப மாட்டேங்கிறாங்க" என்று கோபப்படுகிறோம். அந்த வண்டி அந்நேரம் ஊரின் மறுகோடியில் இன்னொரு நாயை ஏற்றிக்கொண்டிருக்கும். அங்கே உள்ளவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள் என்று நினைப்பதைவிட, நம்மைப் போலவே கை போதாமல் இருக்கிறார்கள் என்று நினைப்பது உண்மைக்கு நெருக்கமானது.

சரி, சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது? அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு, 1976இல் 42ஆவது திருத்தத்தில் வந்தது, உயிர்களிடத்தில் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாதவரை அந்தப் பிரிவை வைத்துத் தண்டிக்க முடியாது. 1960 சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும் என்கிறது. தெருவில் போகிறவரை அது தொடாது. 11ஆம் பிரிவு அடிப்பது, வதைப்பது, பட்டினி கிடக்கும்படி கைவிடுவது எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960இல் எழுதிய தொகை. நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடம் இருக்கிறது. ஆக, துன்புறுத்தாதே என்று சட்டம் சொல்கிறது. துன்பத்தில் கிடப்பதைக் கண்டால் உதவு என்று கட்டாயப்படுத்தவில்லை. கண்டும் காணாமல் போகிற எவரும் எந்த வழக்குக்கும் பயப்பட வேண்டாம்.

அதனால்தான் இதை மனசாட்சியின் விஷயமாக மட்டுமே பேச முடியும் என்று நினைக்கிறேன். 2016 ஜூலையில் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் நாயை மாடியிலிருந்து வீசி எறிந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது பலருக்கு நினைவிருக்கும். நாய் செத்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். விலங்கு ஆர்வலர்கள் தேடிப்போய், சில நாள் கழித்து, எலும்பு முறிவோடு உயிருடன் கண்டுபிடித்தார்கள். பத்ரா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியில் எல்லாருடைய கோபமும் வீசியவர்மேல் போனது, நியாயம்தான். எனக்கு அந்தச் சில நாட்கள்தான் இப்போதும் உறுத்துகின்றன. அவ்வளவு அடியோடு அது எங்கேயோ கிடந்திருக்கிறது. அந்தப் பக்கம் போனவர்களில் ஒருவராவது பார்த்திருக்கத்தான் வேண்டும். வீடியோ வரவில்லை என்றால் அந்த நாயை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். வீடியோவில் வராத நாய்கள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன.

என் கருத்து இதுதான்: முதலில் பார்த்தவருக்குத்தான் முதல் பொறுப்பு. நாயைப் பிடிக்கும் என்பதோ பிடிக்காது என்பதோ இதில் கணக்கே இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் அவர்தான், வேறு யாரும் இல்லை. ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. பார்த்தவர் நாயை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, காலமெல்லாம் வளர்க்க வேண்டியதில்லை. அடிபட்ட நாயைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தி, மருத்துவர் கையில் சேர்ப்பது வரை கூட இருந்தால் போதும். பலர் நகர்ந்து போவதற்குக் காரணம் இரக்கமின்மை இல்லை. தொட்டால் முழுசும் நம் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம். எல்லை எங்கே என்று தெரிந்தால் நிற்பவர்கள் கூடுவார்கள்.

நாயைப் பார்த்ததிலிருந்து மருத்துவரிடம் சேர்க்கும்வரையான அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல மனசோடு செய்கிற தப்புகள் நிறைய நடப்பதும் இந்த நேரத்தில்தான்.

முதலில் போக்குவரத்து. நாயைக் காப்பாற்ற ஓடி அடிபட்டவர்கள் உண்டு. ஒருவர் பைக்கை இண்டிகேட்டர் போட்டுக் குறுக்கே நிறுத்த வேண்டும், ஒருவர் கை காட்டி வண்டிகளை ஒதுக்க வேண்டும், அப்புறம்தான் நாய்க்குப் பக்கத்தில் போக வேண்டும். வலியில் இருக்கும் நாய், தினமும் சோறு போடுகிறவரைக்கூடக் கடிக்கும். அதைக் குணக்கேடு என்று நினைக்கக் கூடாது. நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துக் குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசிக்கொண்டு, தலைமேல் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போட்டால் பெரும்பாலான நாய்கள் அடங்கும். வாயைக் கட்ட வேண்டுமானால் நீளமான பருத்தித் துணியை மூக்கின்மேல் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டு, இரு நுனியையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டலாம். வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கு வாயைக் கட்டக் கூடாது. மூச்சடைத்துவிடும்.

தூக்குவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முன்னங்கால் இரண்டையும் பிடித்து, பின்பகுதி தொங்கத் தொங்கத் தூக்குவார்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கிலேயே மிச்சமிருந்த நரம்பும் போய்விடலாம். பலகை, அட்டை, கடையில் கிடக்கும் ப்ளைவுட் துண்டு, எதுவுமே இல்லாவிட்டால் பெட்ஷீட். அதன்மேல் நாயை மெல்ல இழுத்து நகர்த்தி, நாலு மூலையையும் ஆள் பிடித்து, முதுகு வளையாமல் கொண்டுபோக வேண்டும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். வாயில் தண்ணீர், பால் ஊற்றக் கூடாது. நினைவு மங்கிய நாய்க்கு அது நுரையீரலுக்குள் போகும். வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாராசிட்டமாலும் ஆபத்துதான்.

இன்னொன்று. அடிபட்ட நாய் எழுந்து ஓடிவிட்டால், "ஒண்ணும் ஆகலை" என்று கலைந்துவிடுகிறோம். உள்ளே ரத்தக் கசிவோ மூத்திரப்பை கிழிந்ததோ இருந்தால் ஒன்றிரண்டு நாளில் எங்கேயோ ஒரு மூலையில் போய்ப் படுத்துச் செத்துப்போகும். ஈறு வெளுத்திருந்தால், மூச்சு வேகமாக இருந்தால், மூத்திரம் போகவில்லை என்றால் ஓடினாலும் மருத்துவர் பார்க்க வேண்டிய நாய்தான் அது. அந்தத் தெருவில் டீக்கடைக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் சொல்லி வைப்பதே பாதி வேலை. நாய் எங்கே போய்ப் படுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

விபத்தைவிட அதிகமாக நாம் தெருவில் பார்ப்பது புழு வைத்த புண். நாய் நக்க முடியாத இடங்களில், அதாவது தலையில், கழுத்தில், காதுக்குள் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும். ஈ வந்து முட்டையிடும், ஒரு நாளுக்குள் புழு வெளிவரும், உயிரோடு இருக்கும் சதையைத் தின்று உள்ளே போகும். நாற்றம் தாங்காமல் மக்கள் விரட்டுவார்கள். விரட்ட விரட்ட நாய் ஒளியும், புண் பெரிதாகும். பெட்ரோலையும் ஃபினாயிலையும் ஊற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது சதையை எரிக்கும், நக்கினால் உடம்புக்குள் விஷமாகப் போகும். இத்தனைக்கும் இது குணமாகிற நோய். மருத்துவர் புழுவை எடுத்து, ஊசி போட்டு, சில நாள் தொடர்ந்து மருந்து வைத்தால் பயங்கரமாகத் தெரிகிற குழிகூட ஆச்சரியப்படும்படி மூடிவிடும். சொறியால் முடி முழுக்கக் கொட்டிய நாயும் அப்படித்தான். சில வார மாத்திரையில் முடி திரும்ப வளரும். பிறப்புறுப்பில் ரத்தம் வடியும் கட்டி, நாய்க்கு நாய் தொற்றும் ஒரு வகைப் புற்றுநோய், வாரம் ஒன்றாகச் சில வாரம் போடும் ஊசியில் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். "இது தேறாது, விடுங்க" என்று நாம் தெருவிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிற நாய்களில் பல தேறக்கூடியவை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி வெறிநோய். இந்தப் பயத்தை எளிதாகத் தள்ளிவிட்டுப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. 2024இல் தமிழ்நாட்டில் நாய்க்கடி 4.8 லட்சத்தை நெருங்கியது, வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி வந்தபின் அந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகில் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய் நாய்மேல் இரக்கம் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது.

ஆனால் பயத்தைத் தகவலோடு சேர்த்து வைத்துக்கொண்டால் உதவ முடியும். கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடி, பிறாண்டல், நம் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் படுவது ஆகியவற்றால்தான் வரும். காயமில்லாத தோலால் தொடுவதால் வராது. கடிபட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 என்று நாலு தடவை. ஆழமான கடி என்றால் கடிவாயிலேயே, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அது உயிரோடு விளையாடுவது. தெருநாய்களுக்கு அடிக்கடி உதவுகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே மூன்று ஊசி போட்டுக்கொள்வது நல்லது. பிறகு கடி வாங்கினாலும் குறைந்த ஊசிகளோடு முடிந்துவிடும்.

எந்த நாயிடம் கிட்டவே போகக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி, தள்ளாடி, காரணமில்லாமல் கல்லையும் கட்டையையும் கடிக்கிற நாயை விட்டு விலகி, ஆட்களையும் விலக்கி, மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தெரியும் நாயின் வாய்க்குள் வெறுங்கையை விடவே விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகை பார்க்க அப்படியேதான் இருக்கும். டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் வந்த நாயும் வலிப்பு வந்து நுரை தள்ளும். இரண்டையும் பிரித்தறிவது நம் வேலை இல்லை.

சரி, நாய் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள். தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே, அறுவை என்று போனால் ஆயிரக்கணக்கில் ஆகும். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் முதலில் கேட்பது, "கூட யார் வந்திருக்கீங்க?" நாயைப் பிடித்துக்கொள்ள, அடுத்த டிரெஸ்ஸிங்குக்குத் திரும்பக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். நம் நாட்டில் விலங்கு மருத்துவம் மொத்தமும் கூட வருகிற ஆளை நம்பித்தான் நடக்கிறது. ஆளில்லாத நாய்க்கு மருந்து இருந்தும் சிகிச்சை கிடைக்காமல் போவது இதனால்தான்.

இங்கேதான் சாதாரண மக்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தெருவில் ஒரு நாய் அடிபட்டால் இருபது பேர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். ரெஸ்க்யூ செய்கிற ஒரு பெண்ணின் எண்ணை யாரோ கொடுக்கிறார்கள், இருபது பேரும் அவரையே அழைக்கிறார்கள். அவர் வேலையை விட்டு, ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை. தகவல் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று போய்விட்டார்கள். செலவு அவருக்கு, இரவு கண்விழிப்பு அவருக்கு, வாடகை வீட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாயை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்குவதும் அவருக்கு. சில வருஷத்தில் ஓய்ந்துபோய் எண்ணை மாற்றிக்கொள்கிறார். தெரு முழுவதும் தாங்க வேண்டிய பாரத்தை ஒருவர் முதுகில் ஏற்றிவிட்டு அதற்கு நாம் "பெரிய மனசு" என்று பெயர் வைத்திருக்கிறோம். போன் செய்வது நல்லது. வண்டி வரும்வரை அங்கேயே நிற்பதும், ஆட்டோ காசில் நம் பங்கைக் கொடுப்பதும், மறுநாள் என்ன ஆயிற்று என்று கேட்பதும் சேர்ந்தால்தான் அது உதவி. நாய் என்றதும் ஏற்ற மறுக்கிற ஆட்டோக்காரர்கள் உண்டு. "சீட்டுல பெட்ஷீட் போட்டுக்கிறோம், கழுவறதுக்குச் சேர்த்துத் தர்றோம்ண்ணே" என்று சொன்னால் பலர் சம்மதித்துவிடுவார்கள்.

சிகிச்சை முடிந்த நாயை எங்கே விடுவது? அதன் பழைய தெருவிலேயே. வேறு தெருவில் விட்டால் அங்குள்ள நாய்கள் விடாது, புதிதாக ஒரு காயத்தோடுதான் வாழ்க்கை தொடங்கும். கால் ஒன்றை இழந்த நாய்கூடத் தெரிந்த தெருவில் நன்றாகவே பிழைத்துக்கொள்ளும். ரெஸ்க்யூ என்ற பெயரில் எல்லா நாயையும் ஷெல்டரில் கொண்டுபோய் விட்டுவிடுவது நல்லதல்ல. கூட்டம் மிகுந்த ஷெல்டரில் டிஸ்டம்பரும், பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். கால் முறிவோடு போன நாய் காய்ச்சலில் செத்துப்போகும்.

சில நாய்கள் உண்மையிலேயே தேறாது. அப்போது கருணைக்கொலை பற்றி மருத்துவர் பேசினால் அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீர்கள். குணப்படுத்த முடியாத நோயோ உயிர் தங்காத காயமோ உள்ள நாய்க்கு, தகுதியுள்ள மருத்துவர் வலியில்லாமல் மருந்து செலுத்தி முடிவு தருவதை விதிகளே அனுமதிக்கின்றன. முதுகெலும்பு நொறுங்கி, புழு வைத்து, நாள் கணக்கில் கதறிச் சாவதைவிட அது நல்ல சாவு. அந்த முடிவை நாம் எடுக்கக் கூடாது, தடுக்கவும் கூடாது.

2025இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தவை இந்த விஷயத்தைக் கொதிக்க வைத்துவிட்டன. ஆகஸ்ட் 11இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு, டெல்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் ஆனவற்றைப் பழைய இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் கூடாது என்றது. கண்ட இடத்தில் சோறு போடாமல், அதற்கென ஒதுக்கிய இடத்தில் போட வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கே திரும்ப விடாதிருக்கவும் உத்தரவிட்டது. இதன் பிறகு தெருவில் நாய்க்கு உதவுகிறவரும், நாயால் பயப்படுகிறவரும் எதிரெதிராக நிற்பது அதிகமாகிவிட்டது.

இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவல் அறுபடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. அந்த ஊசியை ஒரு தடவை போட்டால் போதாது, ஆண்டுதோறும் போட வேண்டும். எந்த நாய்க்குப் போட்டாயிற்று, எது புதிதாக வந்தது, எது குட்டி போடப் போகிறது என்று மாநகராட்சி ஊழியருக்குத் தெரியாது. தினமும் சோறு வைக்கிறவருக்குத் தெரியும். அவர் கூப்பிட்டால் நாய் வரும், வலை வீசி விரட்ட வேண்டியதில்லை. அதனால் சோறு போடுகிறவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. சோறு மட்டும் போட்டுக் கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்க மனசு வராதவர், அடுத்த ஆண்டு சக்கரத்துக்கு அடியில் சாகப்போகும் குட்டிகளுக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறார். கடுமையாகத் தெரிந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, கைவிடப்பட்ட நாய்கள். தெருவில் பிறந்த நாய்க்கு வண்டியைப் பார்த்து ஒதுங்கத் தெரியும், எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று தெரியும். வீட்டில் வளர்ந்த லாப்ரடாரை ஈசிஆரில் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போனால் அதற்கு ஒன்றுமே தெரியாது. போன காரின் பின்னாலேயே ஓடும், அல்லது இறக்கிவிட்ட இடத்திலேயே நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அது எளிதில் அடிபட்டுவிடும். வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, அபார்ட்மெண்டில் ஒத்துக்கொள்ளவில்லை, வயதாகி நோய் வந்துவிட்டது என்று காரணங்கள் பல. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய பிறகு மாநகராட்சி வளர்ப்பு நாய் உரிமத்தில் கெடுபிடி காட்டத் தொடங்கியது. மைக்ரோசிப்பும் கட்டாயமாயிற்று. இது தேவையான நடவடிக்கைதான். ஆனால் உரிமம் எடுக்கச் சோம்பி நாயைத் தெருவில் விட்டுவிடுவது அந்த நாய்க்கும் தெருவுக்கும் செய்யும் துரோகம்.

கழுத்துப் பட்டையின் தடம் உள்ள, ஆளைக் கண்டால் வாலாட்டி வருகிற, தெருவுக்குப் புதிய நாயைப் பார்த்தால் தொலைந்ததாக இருக்கலாம் என்று முதலில் நினைக்க வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் மைக்ரோசிப் பார்க்கும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். தோலுக்கு அடியில் சிப் இருந்தால் அதன் எண்ணைக் கொண்டு வளர்த்தவரைக் கண்டுபிடிக்கலாம். யாராவது இறக்கிவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டால் வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, காவல் நிலையத்தில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள். "நாய்க்கெல்லாமா கேஸ்" என்பார்கள். புகாரைப் பெற்றதற்கு அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். அபராதம் ஐம்பது ரூபாய்தான். இருந்தாலும் நாயை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர் வீட்டுக் கதவைக் காவலர் வந்து தட்டலாம். அக்கம்பக்கத்துக்கும் விஷயம் தெரியும்.